கம்பியில் இரண்டு கைகள்

வரிசையாகச் சொல்கிறேன், வரிசையாகவே எழுதிக்கொள் தம்பி. வரிசை மாறினால் நியாயம் மாறிவிடும்.

முதல் குற்றம்: எண்பத்தாறாம் வருடம் பங்குனி மாதம், மனநல மருத்துவமனையின் பழைய கட்டடத்தைச் சினிமாக்காரர்களுக்கு ஒரு வாரம் திறந்துவிட்டது. ஊழியர் சங்கத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது: நோயாளிகளின் உடுப்பைச் சலவைக்கூடத்திலிருந்து எடுத்து நடிகர்களுக்கு மாட்டிவிட்டது. அதே மஞ்சள் சட்டை, அதே மஞ்சள் கால்சட்டை, முதுகில் அதே முத்திரை.

மூன்றாவது: அந்தப் படம். 'நாலு பேர் வெளியே'. ஆஸ்பத்திரியிலிருந்து தப்பிய நாலு பேர் மலைமேல் ஒரு கல்யாண வீட்டுக்குள் புகுந்து ஆளுக்கு ஆள் வெட்டுகிறார்களாம். முதலில் வெட்டுப்படுகிறவன் வார்டர். குடிகாரனாம். சாவிக்கொத்தால் நோயாளி மண்டையில் அடிக்கிறவனாம். அவன் கழுத்தை அறுத்தபோது தியேட்டரில் கைதட்டினார்கள்.

நான்காவது: தியேட்டர் வாசலில் வைத்த தட்டி. 'பைத்தியங்கள் தப்பிவிட்டன. உங்கள் வீட்டுக் கதவைப் பூட்டினீர்களா?' படம் வந்த அன்றே, குணமாகி ஊருக்குப் புறப்பட்ட ஒருவரைப் பஸ் நிலையத்தில் பிடித்து அடித்தார்கள். கையில் டிஸ்சார்ஜ் சீட்டு வைத்திருந்தார். அதைக் காட்டக் காட்ட அடித்தார்கள்.

ஐந்தாவது: நீங்கள். சிரிக்காதே. உங்கள் ஃபிலிம் சொசைட்டி. நான்காவது ஆளின் முகத்தைப் பனியனில் அச்சடித்து, கீழே 'யார் இவர்?' என்று போட்டிருக்கிறீர்களே, அதுதான் ஐந்தாவது.

ஆறாவது கிடையாது. ஐந்தோடு கோடு போடு.

டீ வரும், உட்கார். சவரிமுத்து, இன்னும் ரெண்டு சேர்த்துக் கொண்டா. அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை வேண்டாமாம். ஜெனிபாதானே உன் பெயர்? கேமராவைக் கொஞ்சம் தள்ளி வை அம்மா. நான் நடிகன் இல்லை.

என் பெயர் தங்கப்பழம். வார்டர் சங்கச் செயலாளர், இருபத்தொன்பது வருடம். வார்டர் என்றால் நோயாளிகளைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, எண்ணி உள்ளே அடைக்கிற ஆள். படிப்பு எட்டாவது. மீதியெல்லாம் நோட்டீஸில் படித்தது. வடை மடித்துக் கொடுத்த நோட்டீஸைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படித்தவன் நான். அப்புறம் நானே எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு நோட்டீஸ். அந்தப் படத்துக்கு மட்டும் ஒன்பது. தியேட்டர் வாசலில் நாற்பது பேரோடு படுத்தேன். மூன்றே நாளில் படம் ஊரை விட்டு ஓடியது. பக்கத்து ஊர் தியேட்டர்களும் பயந்து பெட்டியைத் திருப்பி அனுப்பின.

நீ போனில் என்ன சொன்னாய் விசாகா? "நீங்க எதிர்த்ததாலதான் ஐயா அது ரசிகர்கள் கொண்டாடுற கல்ட் படம் ஆச்சு. ஒரே ஒரு பிரிண்ட் மிஞ்சி, இப்ப நாங்க தேடிப் புடிச்சிருக்கோம். உங்களுக்கு நன்றி சொல்லணும்." லத்தியடி வாங்கியிருக்கிறேன், சஸ்பெண்ட் ஆகியிருக்கிறேன். என்னை இப்படி யாரும் அவமானப்படுத்தியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பேர் முன்னால் மேடையில் என்னை 'படத்தை எதிர்த்தவர்' என்று உட்காரவைத்துச் சால்வை போடுவீர்கள். விளக்கை அணைத்துவிட்டு அதே படத்தைப் போட்டுக் கைதட்டுவீர்கள். சால்வை எனக்கு, கைதட்டல் அதுக்கு.

படத்தை நான் அப்போது பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? சாக்கடையைக் குடித்துப் பார்த்துவிட்டா நாற்றம் என்று எழுத வேண்டும்? எங்கள் வார்டர் லூர்துசாமி பார்த்துவிட்டு வந்து சொன்னான். இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து, "செயலாளரே, அவன் இருக்கான்யா" என்றான். அது போதும்.

யார் இருக்கிறார் என்றா? பொறு. வரிசையில் வரும்.

போன செவ்வாய்க்கிழமை இந்தப் பெண் எனக்கு அதைப் போனில் அனுப்பினாள். இதே நாற்காலியில் உட்கார்ந்து, முப்பத்தெட்டு வருடம் கழித்து, முதல்முறை பார்த்தேன். மட்டமான படம். ரத்தம் கலர் பொடி. கல்யாண வீட்டு ஆட்கள் அரிவாளைப் பார்த்ததும் ஒவ்வொருவராகத் தனித்தனி அறைக்குள் ஓடுகிறார்கள். எந்த ஊர்க் கல்யாண வீட்டில் அப்படி ஓடுவார்கள்? ஓடினால் எல்லோரும் பந்தி பக்கம்தான் ஓடுவார்கள். சரி, விடு.

மூன்று பேர் வெட்டுகிறார்கள். நான்காவது ஆள் ஒன்றும் செய்வதில்லை. இரும்புக் கேட்டுக்கு வெளியே வந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே மணப்பெண் அலறுகிறாள். அவர் அசையவில்லை. நேரே பார்க்கிறார். நாலு நிமிடம். நீ என்ன எழுதியிருக்கிறாய் உன் அழைப்பிதழில்? 'தமிழ் சினிமாவின் மிகப் பயங்கரமான மௌனம்.' 'பெயர் தெரியாத அந்த நடிகர் கண்ணால் கொலை செய்கிறார்.'

அவர் நடிக்கவில்லை தம்பி. தன்னை எண்ணுவார்கள் என்று நின்றார்.

எங்கள் வார்டு வழக்கம் உனக்குத் தெரியாது. சாயங்காலம் ஐந்தரைக்கு மணி அடிக்கும். முற்றத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் உள்ளே போய், கிராதியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து வரிசையாக நிற்க வேண்டும். நாங்கள் வெளியே நடந்துகொண்டே கைகளை எண்ணுவோம். முகத்தை எண்ணினால் தலையை ஆட்டுவார்கள், குனிவார்கள், இடம் மாறுவார்கள். கை கம்பியில் இருந்தால் நகராது. எண்பத்து நாலு கை, நாற்பத்திரண்டு ஆள், பூட்டு. எண்ணி முடிகிறவரை கையை எடுத்தால் அன்றைக்குச் சோறு கடைசியில்தான். அது நிர்வாகம் போட்ட விதி இல்லை, நாங்களே கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு எண்ணிக்கை ஒருநாளும் தவறவில்லை. ஒருநாள் தவிர.

ஆஸ்பத்திரியில் படப்பிடிப்பின் கடைசி நாள். துணை நடிகன் ஒருவன், பெயர் கோமதிநாயகம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மஞ்சள் உடுப்போடு வேப்பமரத்தடியில் தூங்கிவிட்டான். ஐந்தரை மணி அடித்தது. தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி வரிசையில் தள்ளினோம். அவன் கிராதியைப் பிடித்து ஆட்டினான்.

"அண்ணே, நான் கம்பெனி ஆளுண்ணே. நடிகன். வண்டி போயிரும், தொறங்க."

"சரி, சார் நடிகரு," என்றான் லூர்துசாமி. "நம்ம பதினாறாம் நம்பர் போன வாரம் கலெக்டரு. உக்காருங்க சார், சாப்பாடு வரும்."

எல்லோரும் சிரித்தோம். அந்த வார்டில் கத்தாதவர் யார்? கை கம்பியில் இருந்ததா? இருந்தது. எண்பத்து நாலு. அன்றைக்கு எண்ணியது நான்தான். பூட்டு என்றேன். பூட்டினார்கள்.

அதே நேரம் வாசலில் கம்பெனி வண்டி. யாரோ ஒரு உதவி டைரக்டர், "மஞ்சச் சட்டை எல்லாம் ஏறு" என்று கூவியிருக்கிறான். இருபத்தேழு ஏறிவிட்டார்.

இருபத்தேழு என்றால் படுக்கை எண். நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அவர்களும் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் ஓடிப்போகிற ஆள் இல்லை. ஏறு என்றால் ஏறுவார், இறங்கு என்றால் இறங்குவார். பதினோரு வருடம் நாங்கள் பழக்கியது அப்படி. மலைக்குப் போன பிறகு அங்கே நில் என்றார்கள், நின்றார். கம்பியைப் பார்த்ததும் பிடித்தார். பிடித்தால் எண்ணி முடிகிறவரை கையை எடுக்கக் கூடாது. டைரக்டர் அதைப் பார்த்து வாயைப் பிளந்து, இந்த ஆளைப் போல ஒருவன் கிடைக்கமாட்டான் என்று நாலு நிமிடம் பிடித்துவிட்டான். எண்ணுவதற்கு அங்கே யார் இருந்தார்கள்?

மறுநாள் காலை கம்பெனி ஆள் வந்து கோமதிநாயகத்தை அடையாளம் காட்டி மீட்டுப்போனான். மறுபடி எண்ணினோம். எண்பத்திரண்டு.

இப்போது கவனமாகக் கேள். அந்த வருடம் நிர்வாகம் சங்கத்தை ஒழிக்கச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு நோயாளி காணோம் என்று தெரிந்தால் அன்றைக்கு டியூட்டியில் இருந்த நான், லூர்துசாமி, பரமசிவம் மூன்று பேருக்கும் வேலை போயிருக்கும். பரமசிவத்துக்கு நாலு பெண் பிள்ளைகள். செயற்குழு அவசரமாகக் கூடியது. 'இருபத்தேழை அவருடைய மாமன் வந்து கைநாட்டு வைத்து அழைத்துப்போனார்' என்று பதிவேட்டில் எழுதுவது என முடிவாயிற்று. நான் எழுதினேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால். மாமன் கைநாட்டும் என் கட்டைவிரல்தான். டியூட்டி டாக்டர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அது நிர்வாகத்தின் மெத்தனம், அதைக் குறித்துக்கொள். லூர்துசாமியும் பரமசிவமும் சாட்சி. கம்பெனி திரும்பும்போது ஆளைச் சத்தமில்லாமல் உள்ளே எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். நல்ல திட்டம்தான்.

கெடுத்தது கோமதிநாயகம். 'ஒரு நாள் பைத்தியம் ஆனேன்' என்று ஒரு மாலைப் பத்திரிகையில் பேட்டி கொடுத்துவிட்டான். விசாரணை வந்தது. விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரி ஆபீஸில் உட்கார்ந்து, பதிவேடுகளை வரவழைத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் கம்பெனி வண்டி இருபத்தேழைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போனது. சாயங்காலம் ஐந்தேகால். கேட்டிலிருந்து ஆபீஸ் இருபதடி.

அவர் முகத்தில் ரத்தப் பொடி இன்னும் காதோரம் இருந்தது. கையில் ஒரு ஆரஞ்சுப் பழம், யாரோ கொடுத்தது. அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கேட்டைப் பிடித்தார்.

"அண்ணே, மணி அடிக்கப் போகுது," என்றார்.

"உன்னை டிஸ்சார்ஜ் பண்ணியாச்சு. போ," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என்னை அவருக்குத் தெரிகிறது, எனக்குத்தான் அவரை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"இருபத்தேழுண்ணே," என்றார்.

"இருபத்தேழுல வேற ஆள் போட்டாச்சு."

மணி அடித்தது. உள்ளே வார்டில் எல்லோரும் கம்பியைப் பிடித்தார்கள். வெளியே இவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் திரும்பி வார்டுக்குப் போய் எண்ணினேன். எண்பத்திரண்டு. பதிவேட்டிலும் நாற்பத்தொன்று. எண்ணிக்கை சரி.

என்னைப் பார்க்காதே. சட்டத்தைப் பார். அந்தக் காலத்துச் சட்டப்படி மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் ஒருவரை உள்ளே எடுக்க முடியாது. டிஸ்சார்ஜ் ஆனவரை நான் உள்ளே விட்டிருந்தால் அதுதான் குற்றம். நான் சட்டத்தைச் சொன்னேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மூன்று நாள் வந்தார். ஐந்தரைக்கு. மற்ற நேரம் எங்கே இருந்தாரோ தெரியாது. மூன்றாம் நாள் லூர்துசாமி ஒரு பொட்டலம் சோற்றை நீட்டினான். அவர் வாங்கவில்லை. வாங்கினால் கையை எடுக்க வேண்டுமே, எண்ணி முடியவில்லையே. நான்காம் நாள் கேட்டில் யாரும் இல்லை. செயற்குழு மறுபடி கூடி, அவர் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

ஊர் எங்கே என்கிறாயா? தெற்கே. ரயிலில் ஒரு இரவு. ஆமாம், தனியாக. ஆமாம், மஞ்சள் சட்டையோடு. தீர்மானம் தீர்மானம்தான்.

விசாரணையில் ஊழியர் மீது குற்றம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. 'சத்தியம் வென்றது' என்று நோட்டீஸ் போட்டேன், நாற்பத்தாறாம் நோட்டீஸ். கேட்டில் லட்டு கொடுத்தோம். பரமசிவம் மட்டும் லட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அப்புறம் கார்த்திகையில் படம் வந்தது, மீதிதான் உனக்குத் தெரியும்.

என்ன கேட்டாய்? "அவரு படத்துல இருக்கார்னு தெரிஞ்சுதான் படத்தை நிறுத்தினீங்களா ஐயா?"

விசாகா, நீ படித்த பிள்ளை. பஸ் நிலையத்தில் ஒரு மனிதனை டிஸ்சார்ஜ் சீட்டோடு அடித்தார்களே, அது பொய்யா? வார்டரைக் குடிகாரன் என்றார்களே, அது நியாயமா? ஒன்பது நோட்டீஸிலும் ஒரு வரி பொய் கிடையாது. வேண்டுமானால் எடுத்துப் படி, அந்த இரும்பு அலமாரியில் இருக்கிறது. படித்தாயா? ஆமாம், 'நோயாளிகள்' என்றுதான் எழுதியிருக்கிறேன். யார் பெயரும் இல்லை. வார்டர்கள் பெயர் இருக்கிறது, அவர்கள் சங்க உறுப்பினர்கள். நோயாளிக்குச் சங்கம் இல்லை.

படத்தின் கடைசியில் பெயர்கள் ஓடுகின்றன, செவ்வாய்க்கிழமை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நாய் கொண்டுவந்தவன் பெயர் இருக்கிறது. கோமதிநாயகம் பெயர் இருக்கிறது, மூன்றாவது கொலையாளியாக. விசிறிக்காரன் பெயர்கூட இருக்கிறது. இவர் பெயர் இல்லை. எனக்குக் கொதித்துவிட்டது. முப்பத்தெட்டு வருடமாக ஊர் ஊராக டேப்பில் ஓடுகிறது, பனியனில் ஏறுகிறது, ஒருத்தனாவது தேடினானா? 'யார் இவர்?' என்று கேட்டுவிட்டுக் கேள்வியையே விற்கிறீர்கள். பதில் கிடைத்தால் பனியன் விற்காது என்று பயமா?

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். படம் தொடங்குமுன் அவர் பெயரைப் போடு, போட்டால் நான் வருகிறேன் என்றேன். நீ என்ன சொன்னாய்? "ஆதாரம் வேணும் ஐயா. இந்த மாதிரி நிறைய பேர் போன் பண்றாங்க. ஒருத்தர் அது தன் சித்தப்பான்னாரு, ஒருத்தர் தானேதான்னாரு."

ஆதாரம் கேட்டாய். ஐந்து நாள் அதோடு உட்கார்ந்திருந்தேன். ஆதாரம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அந்தப் பதிவேடு. கட்டடம் இடித்தபோது பழைய தாளோடு போடக் கிடந்ததை நான் எடுத்து வந்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்காதே. அதோ, உன் முழங்கைக்குக் கீழே. திற. இருபத்தேழாம் வரி. அந்த அழகான எழுத்து என்னுடையது. அந்தக் கட்டைவிரலும் இதுதான், பார், தழும்பு இருக்கிறதா? லூர்துசாமி போய்விட்டான், பரமசிவம் அவனுக்கும் முன்னாலே போய்விட்டான். அந்தக் கையெழுத்துகளுக்குப் பதில் சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம். பெயரைக் காட்ட வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும். இந்தப் பக்கத்தைக் காட்டினால் நாற்பத்தாறாம் நோட்டீஸ் போயிற்று, லட்டு போயிற்று, இருபத்தொன்பது வருடம் போயிற்று. தெருவில் எதிர்ப்படுகிற பழைய உறுப்பினன் இனி வணக்கம் வைப்பானா என்பது தெரியாது.

மன்னிப்பு கேட்கிறேன் என்று எழுதிவிடாதே. நான் யாரிடமும் மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லை. இது கோரிக்கை. நூற்றுப் பதின்மூன்றாம் நோட்டீஸ். நேற்று எழுதினேன். கீழே என் பெயர், என் கட்டைவிரல், இந்தமுறை மாமனுக்கு இல்லை, எனக்கே.

முதலில் நீ எழுதிய வரிசையை எடு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இடம் விட்டிருக்கிறாயா? இல்லையா? ஓரத்தில் எழுது. 'ஐந்தரை மணிக்கு ஒருவர் கேட்டைப் பிடித்து நின்றார். தங்கப்பழம் எண்ணவில்லை.' அவ்வளவுதான். அதற்கு எண் போடாதே. அவருக்கு எண் போட்டது போதும்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோரிக்கையை எழுதினால் போதாது. கேட்டில் நின்று உரக்கப் படிக்க வேண்டும். சங்கத்துக்கு வெளியாட்கள் மூன்று பேர் நின்று கேட்டு, 'கேட்டோம்' என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அது கோரிக்கை. அப்புறம் நானே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் உங்களை வரச்சொன்னேன். சவரிமுத்து, டம்ளரை வை. கையைத் துடைத்துக்கொண்டு இங்கே வா. நீ, விசாகன், இந்தப் பெண். மூன்று பேர். வாசலுக்கு வாருங்கள், அந்தக் கம்பிக்கதவுக்கு வெளியே நில்லுங்கள். கேமரா ஓடட்டும் அம்மா, பரவாயில்லை, இப்போது நேரே வை. நான் உள்ளே நிற்கிறேன்.

கண்ணாடி எங்கே? சரி. தேவையில்லை, மனப்பாடம்தான்.

"ஞாயிற்றுக்கிழமை காட்டப்படும் படத்தில் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் நடிகர் அல்ல. அவர் கொலைகாரரும் அல்ல. அவர் உள்ளே வரக் காத்திருந்தார். படம் தொடங்குமுன் விளக்கை அணைக்காமல் அவர் பெயரைச் சபையில் படிக்க வேண்டும். இந்த ஒன்றைத் தவிர வேறு கோரிக்கை இல்லை. ஊர், கருக்காம்பட்டி. தகப்பனார், சடையாண்டி. பெயர்..."

இரு. தண்ணீர் கொடு. இல்லை, வேண்டாம். சவரிமுத்து, கையைக் கட்டாதே. மூன்று பேரும் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும். நான் முடிக்கிறவரை எடுக்காதீர்கள்.

"பெயர், ஒச்சப்பன்."

சொல்லுங்கள்.